புது டர்போ ஏன் மறுபடி செத்தது? ஒரு பியூஜோ 307-இன் ஆயில் வழி பற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டி 2006-ஆம் ஆண்டுப் பியூஜோ 307. 1.6 எச்டிஐ டீசல், 110 குதிரைத்திறன். லண்டனில் எங்கள் கராஜுக்கு இழுவை வண்டியில் வந்தது. எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ போய்விட்டது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை. காற்றுக் குழாயைக் கழற்றி, காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தை விரலால் ஆட்டினால் அது பக்கவாட்டில் ஆடி உறையில் உரசியது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க்குள் ஆயில் தேங்கி நின்றது. இதுவரை எல்லாம் வழக்கமான கதைதான்.

வழக்கத்துக்கு மாறானது என்னவென்றால், அந்த டர்போ புதுசு. வண்டிக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், வேலைக்குத் தினமும் நெடுஞ்சாலையில் ஓடுபவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் முழு நோயும் அதற்குள்ளேயே இருந்தது.

"தம்பி, டர்போ மாத்தி ரெண்டு மாசம்கூட ஓடேல்லை. மாத்தின முதல் கிழமையே நீலப் புகை. போய்க் கேட்டன், பழைய ஆயில் எரியுது, போகப் போகச் சரியாகும் எண்டினம். புகை நிக்கேல்லை. பிறகு கடைசி ரெண்டு கிழமை விசில் சத்தம். போன செவ்வாய் ஒரேயடியாப் போட்டுது."

"அண்ணை, அந்த வேலைக்கு பில் இருக்கோ?"

இருந்தது. மறுசீரமைத்த டர்போ, புது ஆயில் ஃபீட் பைப் (டர்போவுக்கு ஆயில் கொண்டுபோவது), கேஸ்கெட் தொகுதி, ஆயில், ஃபில்டர். பார்க்க நேர்மையான பில். ஃபீட் பைப்பையும் மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். இந்த எஞ்சினில் டர்போவை மட்டும் மாற்றிப் பழைய பைப்பை அப்படியே விடுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. அந்தத் தவறு இங்கே நடக்கவில்லை. அப்படியென்றால் வேறெங்கோ ஓட்டை.

அவர் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். முதலில் புகை. விசில் பல வாரம் கழித்து. சக்கரத்தின் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடத் தொடங்கினால் சத்தமும் புகையும் ஏறத்தாழ ஒன்றாக வரும். நல்ல பேரிங் உள்ள டர்போ முதல் வாரமே புகைக்கிறது என்றால், ஆயில் உள்ளே போன பிறகு வெளியேற முடியாமல் நிற்கிறது என்று பொருள். அது ஆயில் திரும்பி இறங்கும் ரிட்டர்ன் பக்கத்துச் சிக்கல், அல்லது எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் ஏறிய அழுத்தம். பின்னால் வந்த விசில் வேறு: ஷாஃப்ட் உரசுகிறது, ஆயில் போதவில்லை. அது ஃபீட் பக்கம். ஒரே டர்போவில் இரண்டு நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தோடுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தோம்.

இந்த எஞ்சினைப் பற்றி

பியூஜோ-சிட்ரோயன் குழுமமும் ஃபோர்டும் கூட்டாக உருவாக்கிய சிறிய டீசல் குடும்பம் இது. பியூஜோ பக்கம் இதை டிவி6 என்பார்கள். 1560 சிசி, 16 வால்வு. பியூஜோ 307, 207, சிட்ரோயன் சி4, பெர்லிங்கோ, ஃபோர்டு ஃபோகஸ், மாஸ்டா 3, வால்வோ எஸ்40 என்று ஐரோப்பாவில் ஏராளமான கார்களுக்குள் இருக்கிறது. 110 குதிரைத்திறன் வகையில் காரெட் ஜிடி1544வி என்ற டர்போ. டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்கள் திரும்பி வாயுவின் வேகத்தை மாற்றும் வகை அது. தமிழ்நாட்டில் மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோவின் 1.4 டீசலும் இதே குடும்பத்துத் தம்பிதான். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும்.

நல்ல எஞ்சின், எரிபொருள் சிக்கனம் அபாரம். ஆனால் ஆயில் விஷயத்தில் இதற்குப் பொறுமை குறைவு. ஃபில்டரோடு சேர்த்து நான்கு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் பிடிக்கும். தொடக்கத்தில் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று கையேட்டில் இருந்தது. அவ்வளவு குறைந்த ஆயிலுக்கு அது மிக நீண்ட இடைவெளி என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் 10,000-க்கு மேல் விடுவதில்லை.

இன்னொன்று இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செப்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த வாயு இன்ஜெக்டரைச் சுற்றி மேலேறும். தார் போலக் கருப்பாக இறுகி நிற்கும் படிவைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. அந்த வாயுவும் கரியும் ஆயிலோடு கலக்கும்போது ஆயில் கெட்டியாகிறது, மண்டி படிகிறது. படிந்த மண்டி ஆயிலோடு ஊர் சுற்றிவிட்டு, வழியில் எது மிகக் குறுகலான இடமோ அங்கே போய் அடைக்கிறது. இந்த எஞ்சினில் மிகக் குறுகலான இடம் டர்போவுக்குப் போகும் ஆயில் வழி.

கழற்றியதில் கண்டது

முதலில் ரிட்டர்ன். டர்போவின் அடியில் இருக்கும் ரிட்டர்ன் ஃபிளாஞ்சின் இரண்டு போல்ட்டையும் அவிழ்த்துப் பைப்பைப் பிரித்தபோதே முதல் நோய் தெரிந்துவிட்டது. கேஸ்கெட்டின் இரு பக்கமும் சிலிக்கோன் பூசியிருந்தார்கள். இறுக்கியபோது அது பிதுங்கி உள்பக்கம் வழிந்து, புழு மாதிரிச் சுருண்டு, துவாரத்தின் மூன்றில் ஒரு பங்கை மறைத்து இறுகிக் கிடந்தது. வெளியில் பார்த்தால் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அழகான வேலை. உள்ளே வழி அடைபட்டிருந்தது.

கேஸ்கெட் இருக்கும் இடத்தில் சிலிக்கோன் எதற்கு? கசியக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் பூசுகிறார்கள். ஆனால் டர்போவின் ஆயில் இணைப்புகளில் ஃபீட் பக்கமானாலும் ரிட்டர்ன் பக்கமானாலும் சிலிக்கோன் கூடவே கூடாது. ரிட்டர்னில் அது வழியை மறைக்கும். ஃபீட்டில் ஒரு துணுக்கு பிய்ந்து போனால் நேரே பேரிங்கின் ஆயில் துளைக்குள் போய் உட்காரும்.

அடுத்தது ஃபீட் பைப். பில்லில் சொன்னபடியே புதுசு, பளபளவென்று இருந்தது. வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போனது. பைப்பை மேசையில் வைத்துவிட்டு, அதை எஞ்சின் பிளாக்கில் பிடித்திருந்த பேஞ்சோ போல்ட்டைக் கையில் எடுத்தோம். அது பழையது. தலையில் பழைய ஸ்பேனர் காயங்கள், மரையில் கருகிய ஆயில் கறை. பைப்பை மாற்றியவர்கள் போல்ட்டை மாற்றவில்லை.

பேஞ்சோ போல்ட் என்றால் நடுவில் துளையுள்ள போல்ட். ஆயில் அதன் உள்ளே ஏறி, பக்கத் துளைகள் வழியாகப் பைப்பின் வளையத்துக்குள் வரும். இந்த எஞ்சினின் ஆரம்ப வகைகளில் பிளாக் பக்கத்துப் போல்ட்டுக்குள் ஒரு சிறிய சல்லடை இருக்கிறது. டர்போவுக்குக் குப்பை போகாமல் தடுக்கத்தான் அதை வைத்தார்கள். போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளி வரவில்லை. ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தோம். சல்லடைக் கண்கள் முழுவதையும் கருப்புக் கரித் துகள் மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மணல் போல நெறுநெறுவென்று வந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஊசி முனையளவு சில கண்கள் திறந்திருந்தன. நாள்பட்ட தூள் அடைத்த காபி ஃபில்டரில் டிகாக்ஷன் எப்படி இறங்கும்? அந்த அளவு ஆயிலில்தான் டர்போ இரண்டு மாதம் ஓடியிருக்கிறது.

கடைசியாக டர்போவையே பிரித்தோம். ஷாஃப்ட்டில் டர்பைன் பக்கத்துப் பேரிங் உட்காரும் இடம் நீலம் பாய்ந்து கருத்திருந்தது. அழுக்கு ஆயில் ஓடினால் ஷாஃப்ட்டில் வட்டவட்டமாகக் கீறல் விழும். ஆயில் போதாமல் போனால் உரசல் சூட்டில் உலோகம் நிறம் மாறும். இங்கே கீறல் கொஞ்சம், நிறமாற்றம் நிறைய. மரணக் காரணம் பட்டினி.

ஏன் இப்படி நடக்கிறது

இந்த அளவு டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டும். அது சுழல்வது மிதக்கும் புஷ் பேரிங்கில், அதாவது ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலில் மிதக்கும் உலோக வளையத்தில். ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலும், புஷ்ஷுக்கும் உறைக்கும் நடுவிலும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. அந்த இடத்தை நிரப்பும் ஆயில் படலம்தான் உண்மையான பேரிங். உலோகம் உலோகத்தைத் தொடவே கூடாது. இதே ஆயில் டர்பைன் பக்கத்துச் சூட்டையும் வாரிக்கொண்டு வெளியேற வேண்டும். அதனால் அழுத்தம் இருந்தால் மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும்.

இங்கேதான் டாஷ்போர்டின் ஆயில் விளக்கு பலரை ஏமாற்றுகிறது. அந்த விளக்கின் ஸ்விட்ச் பிளாக்கின் முக்கிய ஆயில் வழியில் இருக்கிறது. டர்போ கிளை அடைபட்டால் முக்கிய வழியில் அழுத்தம் குறைவதே இல்லை. விளக்கு எரியாது. எஞ்சின் சுகமாக இருக்கும், டர்போ மட்டும் காய்ந்து சாகும்.

வாயால் ஊதிப் பார்ப்பதும் அதே மாதிரி ஏமாற்று. காற்றின் பிசுபிசுப்பு ஆயிலோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. பாதி அடைபட்ட பைப்பிலும் காற்று தாராளமாகப் போகும். குறுகிய குழாயில் ஆயில் சீராக ஓடும்போது ஓட்டத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. துளையின் விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். உள்சுவரில் படியும் மெல்லிய கரியைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

ரிட்டர்ன் பக்கம் கதையே வேறு. ஃபீட்டில் ஆயிலைத் தள்ள பம்ப் இருக்கிறது. ரிட்டர்னில் தள்ள யாரும் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான். அதோடு, ஷாஃப்ட் அடித்துக் கலக்கிய ஆயில் நுரையாக வெளியே வருகிறது. நுரைக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால்தான் ஃபீட் பைப் பென்சிலை விட மெல்லிசாகவும் ரிட்டர்ன் பைப் கட்டைவிரல் பருமனாகவும் இருக்கிறது. அந்தப் பெரிய துளையைப் பார்த்து, கொஞ்சம் அடைந்தால் என்ன என்று நினைக்கத் தோன்றும். அந்தக் கொஞ்சம்தான் இங்கே புகையானது.

டர்போவின் ஆயில் சீலைப் பலர் கிராங்க் ஷாஃப்ட்டின் ரப்பர் சீல் போல நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம். ஆயில் சுதந்திரமாகக் கீழே இறங்கும்வரை, வெளியிலிருக்கும் காற்று, வாயு அழுத்தத்தின் துணையோடு அது வேலை செய்யும். பேரிங் உறை ஆயிலால் நிரம்பினால் அதைத் தடுத்து நிறுத்த அந்த வளையத்தால் முடியாது. ஆயில் டர்பைன் பக்கம் போனால் நீலப் புகை, கம்ப்ரசர் பக்கம் போனால் இன்டர்கூலரில் குளம். டீசலில் இது வெறும் புகையோடு நிற்காமலும் போகலாம். தேங்கிய ஆயிலையே எஞ்சின் எரிபொருளாக உறிஞ்சத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே நீலப் புகையை "போகப் போகச் சரியாகும்" என்று சொல்லி வண்டியை அனுப்பக் கூடாது.

ரிட்டர்ன் பைப் சுத்தமாக இருந்தும் புகை வந்தால் கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் பிரீதரைப் பார்க்க வேண்டும். பிஸ்டனைத் தாண்டிக் கீழே வரும் வாயு கிராங்க்கேஸில் அழுத்தத்தை ஏற்றினால், அந்த அழுத்தம் ரிட்டர்ன் பைப்பின் வாயில் உட்கார்ந்து இறங்கும் ஆயிலை மறிக்கும். இந்த வண்டியில் பிரீதர் குழாய் சுத்தமாக இருந்தது, எனவே அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

திருத்தியது

சல்லடையில் இருந்த கரி எங்கிருந்தோ வந்திருக்கிறது. மூலத்தை விட்டுவிட்டுப் புதுப் போல்ட் போட்டால் மூன்றாவது டர்போவும் அதே வழியில் போகும். எனவே எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கினோம். அடியில் கரும் பசை ஒரு படலமாக ஒட்டியிருந்தது. ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாய் முனையில் இருக்கும் வலையிலும் அதே பசை. சம்ப்பைக் கழற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் இது எதுவும் வெளியே வராது. ஃபிளஷ் திரவம் ஊற்றிக் கழுவுவதை இந்த நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இறுகிய மண்டியைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, மறுபடி குறுகலான இடங்களுக்கே அனுப்பி வைக்கும். கழற்றி, துடைத்து, கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

சம்ப், உறிஞ்சு வலை இரண்டையும் கழுவினோம். பிரேக் வேக்குவம் பம்ப்புக்குப் போகும் ஆயில் வழியையும் திறந்து சுத்தம் செய்தோம். ஆயில் கூலரைக் கழுவ முயலாமல் புதுசு போட்டோம், அதன் உள் மடிப்புகளில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை. நான்கு இன்ஜெக்டரையும் எடுத்து, அமரும் இடத்தைச் சுத்தம் செய்து, புதுச் செப்பு வாஷர் போட்டோம். ஒன்றின் அடியில் கசிவு நன்றாகவே தெரிந்தது. இன்டர்கூலரையும் குழாய்களையும் வடித்துத் துடைத்தோம். பழைய கம்ப்ரசர் சக்கரத்தின் அலுமினியத் துணுக்கு அங்கே இருந்தால் நேரே எஞ்சினுக்குள் போகும். சம்ப்பைத் திரும்ப ஏற்றும்போது சீலன்ட்டை மெல்லிய கோடாக மட்டும் இட்டோம். தடிமனாக இட்டால் உள்பக்கம் பிதுங்கிய உருண்டை ஒருநாள் உறிஞ்சு வலையில் போய் ஒட்டும். ரிட்டர்ன் ஃபிளாஞ்சில் பார்த்த அதே கதைதான் அதுவும்.

பிறகு லைன்கள். புது ஃபீட் பைப், பிளாக் பக்கத்துக்குச் சல்லடை இல்லாத புதுப் பேஞ்சோ போல்ட், எல்லா இணைப்புக்கும் புதுச் செப்பு வாஷர். புது ரிட்டர்ன் பைப், கேஸ்கெட் மட்டும், சிலிக்கோன் இல்லை. சல்லடையை எடுத்துவிட்டால் குப்பை டர்போவுக்குப் போகாதா என்று அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. எஞ்சினின் ஆயில் ஃபில்டர் ஏற்கெனவே முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டி வரும் நுண்துகள் டர்போவுக்குச் செய்யும் கேட்டைவிட, அடைபட்ட சல்லடை செய்யும் கேடு பல மடங்கு. சர்வீஸில் யாரும் திறந்து பார்க்காத இடத்தில் ஒரு ஃபில்டரை வைப்பது ஆபத்து.

பைப்பைப் பூட்டும்போது ஒரு சின்ன விஷயம். பேஞ்சோ போல்ட்டுகளைக் கையால் திருகிவிட்டு, பைப்பின் பிடிப்புக் கிளிப்பை முதலில் பொருத்தி, கடைசியில்தான் முறுக்கு விசைக்கு இறுக்க வேண்டும். முதலிலேயே ஒரு முனையை இறுக்கினால் பைப் முறுக்கிக்கொண்டு நிற்கும். எஞ்சின் அதிர்வில் அந்த இழுப்பு நாளடைவில் வெடிப்பாகும். பைப் எக்ஸாஸ்ட்டின் சூட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது என்பதால் அங்கே கசியும் ஆயில் தீ அபாயமும்கூட.

அளந்து பார்த்தது

டர்போவைப் பூட்டுவதற்கு முன்னால் ஃபீட் பைப்பின் டர்போ முனையை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு, எஞ்சின் பற்றாதபடி இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றினோம். முதலில் வந்த ஆயிலில் சில கரும்புள்ளிகள் மிதந்தன. புள்ளி இல்லாமல் வரும்வரை விட்டோம். அதற்குப் பிறகுதான் புது டர்போ பெட்டியிலிருந்து வெளியே வந்தது. அதன் ஃபீட் துளையில் சுத்தமான ஆயிலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, பேரிங் முழுக்க நனையவிட்டுப் பூட்டினோம். மறுபடி ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே இன்ஜெக்டர்களை இணைத்தோம். உலர்ந்த பேரிங்கோடு முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் சில நொடிகள் போதும், புது டர்போவின் ஆயுளைக் குறைக்க.

இனி முக்கியமான சோதனை. இந்த எஞ்சினுக்கு டர்போ மாற்றுபவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது, பெரும்பாலானவர்கள் செய்யாதது. ரிட்டர்ன் பைப்பைப் பிளாக்கில் இணைக்காமல், பிளாக்கின் துளையை மூடி, பைப்பை ஒரு அளவுக் குவளைக்குள் விட வேண்டும். எஞ்சினை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) 60 நொடி ஓட விட்டு நிறுத்த வேண்டும். குவளையில் குறைந்தது 0.3 லிட்டர் ஆயில் சேர்ந்திருக்க வேண்டும். ஒருமுறை வந்தால் போதாது, திரும்பவும் செய்து அதே அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குவளையில் சேர்வது எஞ்சினிலிருந்து போகும் ஆயில், எனவே ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள், 60 நொடியைத் தாண்டி ஓட்டாதீர்கள். அப்புறம், அது சூடான ஆயில், அருகில் சூடான எக்ஸாஸ்ட். கையுறை அவசியம்.

இந்த வண்டியில் 0.3 கோட்டை ஒரு நிமிடம் முடிவதற்கு முன்பே ஆயில் தாண்டியது. நுரையோடு, ஆனால் அறுபடாத ஒரே தாரையாக விழுந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு செய்தபோதும் குறையவில்லை. அளவு வரவில்லை என்றால் டர்போவைத் தொடவே கூடாது. பின்னோக்கிப் போக வேண்டும்: போல்ட், பைப், கூலர், ஃபில்டர் உறை, பம்ப், உறிஞ்சு வலை. 0.2 வந்தது, பரவாயில்லை, ஓட ஓடத் திறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடைப்பு தானாகத் திறந்து நான் பார்த்ததில்லை.

புதிதாக டர்போ ஏற்றுபவர்களுக்கு

டர்போ இல்லாத எஞ்சினுக்குப் பந்தயத் தடத்துக்காக டர்போ ஏற்றுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கும் இந்த வண்டியிலேயே விடை இருக்கிறது. அங்கே பைப்பை வடிவமைப்பவர் நீங்களே, பழிபோட வேறு ஆள் கிடையாது.

ஃபீட்டுக்கு ஆயில் எடுக்கச் சுலபமான இடம் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் துளை. அங்கே ஒரு டி இணைப்பு போட்டு ஸ்விட்ச்சையும் வைத்துக்கொள்ளலாம். ஜப்பானியக் கார்களில் அந்தத் துளை பெரும்பாலும் 1/8 அங்குல பிரிட்டிஷ் வகைக் கூம்பு மரை, அங்குலத்துக்கு 28 மரை. சந்தையில் கிடைக்கும் அமெரிக்க இணைப்புகள் என்பிடி மரை, அங்குலத்துக்கு 27. ஒரு சுற்று இரண்டு சுற்று திருகினால் பொருந்துவது போலவே இருக்கும். இறுக்கினால் கசியும், அல்லது பிளாக்கில் மரை போகும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். வெள்ளை டெஃப்லான் டேப்பை இந்த மரைகளில் சுற்றாதீர்கள். அதன் இழை பிய்ந்து பேரிங்குக்குள் போனால் சிலிக்கோன் செய்யும் அதே வேலையைச் செய்யும்.

புஷ் பேரிங் டர்போவுக்குப் பொதுவாக ஃபீட்டில் கட்டுப்பாட்டுத் துளை தேவையில்லை. பால் பேரிங் (உருளும் குண்டுகள் உள்ளது) டர்போவுக்கு ஆயில் குறைவாகப் போதும், அதற்குச் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போடுவது வழக்கம். டர்போ தயாரிப்பாளர் தரும் அளவே கடைசி வார்த்தை. இதை மாற்றிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்: புகை வருகிறது என்று புஷ் பேரிங் டர்போவின் ஃபீட்டைக் குறுக்குவார்கள். புகை நிற்கும். கொஞ்ச நாளில் டர்போவும் நிற்கும். புகைக்குக் காரணம் ரிட்டர்னில் இருக்கும்போது ஃபீட்டைக் குறைப்பது நோயாளிக்குச் சாப்பாட்டை நிறுத்துவதில்தான் முடியும்.

ஃபீட்டுக்கு உள்ளே டெஃப்லான், வெளியே எஃகுப் பின்னல் உள்ள ஹோஸ் நல்லது. ரப்பர் ஹோஸ் சூட்டில் விறைத்து உள்ளிருந்து உதிரும். லைனில் தனி ஃபில்டர் வைப்பதைப் பற்றி இரு கட்சி உண்டு. நான் வேண்டாம் என்ற கட்சி, காரணம் பிளந்து வைத்த அந்தப் பேஞ்சோ போல்ட்.

ரிட்டர்னில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 16. டர்போவிலிருந்து சம்ப் வரை ஒவ்வொரு சென்டிமீட்டரும் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். நடுவில் தொங்கி மேலேறும் வளைவு இருந்தால் அங்கே ஆயில் தேங்கி அடைப்பாகும். டர்போவின் ஆயில் வழி செங்குத்திலிருந்து 35 பாகைக்கு மேல் சாயக் கூடாது. சம்ப்பில் நுழையும் துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், கிராங்க் சுழன்று ஆயிலை வாரியடிக்கும் இடத்துக்கு நேரெதிரே இருக்கக் கூடாது. துளையிடுவதும் வெல்டிங் செய்வதும் சம்ப்பைக் கழற்றி வைத்துத்தான். வண்டியிலேயே துளையிட்டு, துரப்பணத்தில் கிரீஸ் தடவினால் தூள் உள்ளே விழாது என்று சொல்வார்கள். கொஞ்சம் விழும், அந்தக் கொஞ்சம் எங்கே போய் நிற்கும் என்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். டர்போவை எவ்வளவு முயன்றும் போதிய உயரத்தில் வைக்க முடியவில்லை என்றால் ரிட்டர்னை உறிஞ்சும் தனிப் பம்ப் வேண்டும். அது கெட்டால் டர்போ உடனே நிரம்பும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி போன பிறகு

307-க்கு எக்ஸாஸ்ட் புகையின் கரியைப் பிடிக்கும் டீசல் பார்டிகுலேட் ஃபில்டர் இருப்பதால் சாம்பல் குறைந்த 5டபிள்யூ-30 ஆயில், ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஏசிஇஏ சி2 தரம். அண்ணையிடம் இரண்டு பழக்கம் கேட்டோம். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். உடனே அணைத்தால் சூடான பைப்பிலும் பேரிங் உறையிலும் நின்றுபோகும் ஆயில் வெந்து கரியாகிறது. அடுத்த அடைப்புக்கு அதுதான் விதை. இரண்டாவது, முதல் ஆயிலை 1,500 கிலோமீட்டரிலேயே மாற்ற வந்துவிட வேண்டும். எவ்வளவு கழுவினாலும் எட்டாத மூலைகளில் ஒட்டியிருந்த மண்டியைப் புது ஆயில் மெல்லக் கரைத்து எடுத்து வரும்.

வந்தார். ஆயில் எதிர்பார்த்தபடி கருப்பாகத்தான் இறங்கியது, ஆனால் மெல்லிசாக, பசையில்லாமல். பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தோம். கரித் துகள் இருந்தது, உலோக மினுக்கம் இல்லை. பிளாக் பக்கத்துப் பேஞ்சோ போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம், துளை முழுசாகத் தெரிந்தது. இன்டர்கூலரின் கீழ்க் குழாயில் விரலை விட்டால் பிரீதர் வழி வரும் மெல்லிய ஈரம் மட்டும் இருந்தது. புதுச் செப்பு வாஷரோடு போல்ட்டை இறுக்கி, ஆயில் ஊற்றி, அடுத்த சர்வீஸை 8,000 கிலோமீட்டரில் குறித்துக் கொடுத்தோம்.